ஜூலை விழாவும் பார் லைசன்ஸும்

அன்புள்ள சிவா,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். லீட்ஸுக்கே குடிபோகிறாளா, வீட்டிலிருந்தே வேலையா? எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை கூடியிருக்கிறது. சங்கத்துக் காகிதமெல்லாம் இப்போது என் மேசையில்தான்.

சரி, மகள் விருந்துக்கும் உங்கள் சங்கத்தின் ஜூலை விழாவுக்கும் மது வைக்க லைசன்ஸ் வேண்டுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அவளுக்கு நீ வைக்கிற விருந்துக்கு லைசன்ஸ் வேண்டாம். ஹாலை வாடகைக்கு எடுத்து, நீயே வாங்கி, அழைத்தவர்களுக்குச் சும்மா ஊற்றிக் கொடுப்பதை இங்கிலாந்துச் சட்டம் கேட்பதில்லை. ஹால்காரர் சம்மதித்தால் போதும். பணம் கை மாறினால்தான் வில்லங்கம். நன்கொடை என்று உண்டியல் வைத்தாலும், டிக்கெட்டோடு ஒரு கிளாஸ் வைன் இலவசம் என்று போட்டாலும் அது விற்பனைதான். உங்கள் சங்கச் செயலாளர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும்.

ஆகவே ஜூலை 18 இசை விழாவில் பார் வைப்பதானால், ஹாலுக்கு லைசன்ஸ் இல்லாத பட்சத்தில், கவுன்சிலுக்கு டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ், அதாவது தற்காலிக நிகழ்ச்சிக்கான அறிவிப்பு, கொடுத்தாக வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. படிவத்தை ஒரு மாலையில் நிரப்பிவிடலாம். நாட்களை எண்ணுவதில்தான் ஆட்கள் தவறிவிடுகிறார்கள். விழாவுக்குக் குறைந்தது 10 வேலை நாட்கள் முன்னால் கொடுக்க வேண்டும் என்றால், நோட்டீஸ் போய்ச் சேரும் நாளும் விழா நாளும் கணக்கில் சேராது. சனி, ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது. 18 சனிக்கிழமை என்பதால் 3ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கவுன்சில் கையில் இருக்க வேண்டும்.

விழாவுக்கு 5 வேலை நாட்கள் முன்பு வரை தாமத நோட்டீஸாகக் கொடுக்கவும் வழி உண்டு. அதை நம்பி இருக்காதே. முறையான நோட்டீஸுக்குப் போலீஸோ, சத்தம் பற்றிப் பார்க்கும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால், பேசி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், விசாரணையில் வாதாடலாம். தாமத நோட்டீஸுக்கு அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலே கதை முடிந்தது, அப்பீலும் கிடையாது. போஸ்டர் அடித்து, பாடகருக்கு முன்பணம் கொடுத்தபின் அப்படி ஒரு கடிதம் வந்தால் யாருக்கு நெஞ்சு தாங்கும்?

ஆள் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே நேரத்தில் 499 பேர்தான் உச்சம். மேடையில் பாடுகிறவர், பாரில் நிற்கிற பையன், சமையல்காரர் எல்லோரும் அதில் அடக்கம். 499 டிக்கெட் விற்றுவிடாதீர்கள்.

பாட்டு, நடனத்துக்குப் பெரும்பாலும் கவலை வேண்டாம். உங்களுடையது போன்ற சமூக ஹாலில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்குள் என்றால் மைக் வைத்த கச்சேரிக்குக்கூடத் தனி அனுமதி வேண்டாம். ஹால் நிர்வாகத்தின் சம்மதம் மட்டும் வாங்கி வை. 11 தாண்டும் என்றால் அதே நோட்டீஸில் கேளிக்கையையும் குறித்துவிடு. அப்புறம், 11 மணிக்கு மேல் சுடச்சுடக் கொத்து ரொட்டி விற்பதானால் அதையும் குறிக்க வேண்டும். நம் விழா எது 11 மணிக்கு முடிந்திருக்கிறது! பாடல்களின் காப்புரிமைக்கான மியூசிக் லைசன்ஸ் வேறு சமாச்சாரம். ஹாலிடம் அது இருக்கிறதா என்று கேள்.

யார் பெயரில் கொடுப்பது என்பதையும் யோசி. பர்சனல் லைசன்ஸ், அதாவது மது விற்பனைக்காகத் தனி நபருக்குத் தரும் உரிமம், இல்லாதவர் வருஷத்துக்கு 5 நோட்டீஸ்தான் கொடுக்கலாம். எப்போதும் நீயே கையெழுத்துப் போடாதே. அன்றைக்குப் பொறுப்பு முழுக்க அந்தப் பெயருக்குத்தான். 18 வயதாகாத பையனுக்கு யாராவது பீர் விற்றுவிட்டால் உன்னையும்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் குடும்பங்கள் வருகிற விழாவுக்குப் பார் எதற்கு? வருமானம் அதில்தான் என்பாய். சரி, உங்கள் கமிட்டி பாடு.

ஒரு ஹாலுக்கு வருஷத்தில் 15 தடவை, மொத்தம் 21 நாள்தான் இப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். முன்பணம் கட்டுமுன், இந்த வருஷம் எத்தனை போயிற்று என்று ஹால் அலுவலகத்தில் விசாரித்துவிடு. படிவத்தை நிரப்பியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி