மனநலச் சீட்டு இருந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கூடாதா?

கொங்கு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும், அங்கே பணியாற்றும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

வலியோடு ஓர் இரவு அரசு மருத்துவமனைக்கு வந்த என் தங்கையை, வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியது தொடர்பாக நாங்கள் கொடுத்த மனுவும் அதற்கு வந்த பதிலும் கோப்பில் இருக்கின்றன என்பதால், நடந்ததை முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பதையும் இங்கே எழுதவில்லை. ஒருவரைத் தண்டிக்க வேண்டும் என்பது எங்கள் நோக்கமன்று. ஆனால், "நோயாளி ஏற்கெனவே மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்று வருபவர் என்பது கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று அந்தப் பதிலில் இருந்த வாக்கியத்தைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பித்தப்பை வீங்கி, காய்ச்சல் கண்டு, கடன் வாங்கித் தனியாரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணின் புகாருக்கு இது விளக்கமாம். எங்கள் புகாரே அதுதானே ஐயா! அது ஒன்று மட்டும்தான் கவனத்தில் கொள்ளப்பட்டது.

அன்று இரவு நான் உடன் இருந்தேன். வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று அவள் கையை வைத்துக் காட்டினாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிவிட்டது என்றாள். பணியிலிருந்த மருத்துவர் கோப்பைப் புரட்டி, மனநலப் பிரிவின் முத்திரை இருந்த பக்கத்தில் நின்று, "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறீங்களாம்மா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். ஓர் ஊசி, சில மாத்திரைகள், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்ற அறிவுரை, அவ்வளவுதான். வலது விலாவின் கீழ் விரல்களை வைத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால், பித்தப்பை அழற்சி இருப்பவருக்கு வலியில் மூச்சு பாதியிலேயே நின்றுவிடும் என்பது மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுத்தரப்படுகிற பழைய சோதனை. அதற்குக் கருவி வேண்டாம், செலவு கிடையாது, ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை என் தங்கைக்குத் தராமல் போனதற்கு அவளுடைய கோப்பின் ஒரு பக்கம்தான் காரணம்.

அந்தப் பக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிஃப்ட், பீஸ் ரேட், குனிந்த தலை நிமிராத வேலை. கழுத்தில் தொடங்கித் தோள், முழங்கை, விரல் நுனி வரை இறங்கிய வலிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள். இரண்டிலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அப்படியானால் மனதில்தான் ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், அடுத்தவர் அதையே எழுதினார், அதற்கடுத்தவர் எழுதியதை மட்டும் படித்தார்.

அதன்பின் மருத்துவர் அறைக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதே அவளுக்குப் பெரும் பாடாயிற்று. அழுதால், அதிகம் உணர்ச்சிவசப்படுகிறார் என்று குறிப்பு ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வலி இருப்பவர் மாதிரித் தெரியவில்லையே என்ற பேச்சு வரும். தலைவாரிப் பூ வைத்துப் போனால் நோயே இல்லை. வாராமல் போனால் அதுவும் மனச்சோர்வின் அடையாளம். இதற்கு முன் யாரிடம் காட்டினீர்கள் என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் மருத்துவர் மருத்துவராக அலைபவள் என்ற பெயர், குறைத்துச் சொன்னால் பொய்க்காரி என்ற பெயர். மறந்துவிடக் கூடாதென்று வலி வரும் நேரத்தையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். அந்தத் தாளையே நோய்க்குச் சான்றாகப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என்னிடம், "அக்கா, இன்னைக்கு நான் எப்படி இருக்கோணும்?" என்று கேட்பாள். நான் என்ன பதில் சொல்வது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

மனநல மருத்துவத்தின் மீது எங்களுக்குக் குறை இல்லை. சொல்லப்போனால், அவள் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டவர் அந்த மனநல மருத்துவர் ஒருவர்தான். நாள்பட்ட வலியோடு வாழ்பவருக்கு மனச்சோர்வு வருவதும், மனச்சோர்வு வந்தபின் வலி கூடுவதும், தூக்கம் கெட்டு இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதும் உண்மை என்று அவர் எங்களுக்கு விளக்கினார். அவர் கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரை மனச்சோர்வுக்குத் தரப்படுவதுதான். ஆனால் அதைவிட மிகக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தரப்படுகிறது. வலியைத் தொடர்ந்து வந்த மனச்சோர்வு, உடல் காரணங்களைத் தொடர்ந்து பரிசோதிக்கவும் என்று அவர் கோப்பில் தெளிவாக எழுதியும் இருந்தார். அந்த வரிகளை யாரும் படிக்கவில்லை. மேலே இருந்த முத்திரையைப் படித்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் மாத்திரையின் பெயரையும் எந்தப் பிரிவு என்பதையும் வரிசை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னதன் விளைவை அவள் வேறுவிதமாக அனுபவிக்கிறாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில், "பொண்ணோட அம்மாவுக்கு அப்படி ஏதோ இருக்குதாமுங்க" என்ற பேச்சு எங்கள் ஊர்ப்பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த மருத்துவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான்: வலியோடு வரும் ஒருவருக்கு மனநோய் என்று எழுதுவதானால், எதன் அடிப்படையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைக் காட்டி உடல் பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பன்று. மருத்துவக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டுவது பொருத்தமன்று என்று மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடே 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் சொல்லிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் மனநோய் அத்தியாயத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்கேனில் தெரியாவிட்டால் வலி இல்லை என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 1994-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 36 சதவீதத்தினருக்கு மட்டுமே முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் (டிஸ்க்) அனைத்தும் இயல்பாக இருந்தன. படத்தில் கோளாறு இருந்தும் வலி இல்லாதவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது, படத்தில் கோளாறு இல்லாமல் வலி இருப்பவளைச் சந்தேகப்படுவது ஏன்? ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, முன்பு மனநலச் சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இப்போதோ இனியோ அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் காரணமாகாது என்கிறது. 21-ஆவது பிரிவு, எல்லா மருத்துவப் பராமரிப்பிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஆகவே, என் தங்கைக்கு உண்மையிலேயே கடுமையான மனநோய் இருந்திருந்தாலும்கூட அந்த இரவில் அவளுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். மனநோயாளிக்குப் பித்தப்பையில் கல் வராது என்று எந்தப் பாடநூலில் இருக்கிறது?

திருப்பூரிலிருந்து கப்பலேறிப் போகும் பனியனில் ஒரு தையல் விலகினால், எந்த மெஷினில், எந்த டைலர் தைத்தது என்று நூல் பிடித்துக்கொண்டு வந்து கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த டைலரின் கழுத்தும் தோளும் ஏன் வலிக்கின்றன என்று கேட்டால் மட்டும் மனசு என்ற ஒரே பதிலோடு தேடல் முடிந்துவிடுகிறது. கோவையை மருத்துவ நகரம் என்று மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். அவிநாசி சாலையில் மூட்டுக்கும் முதுகுக்கும் ஆளுயரத்துக்கு மேல் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. காசு கட்ட முடிந்தவரின் வலி உடம்பிலும், சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவரின் வலி மனதிலும் இருப்பது எப்படி என்பதை யாராவது ஆராய்ந்தால் நல்ல கட்டுரையாக வரும். விசைத்தறியில் நிற்கிறவர்களுக்கும், பாத்திரப் பட்டறையில் உட்கார்ந்தே தேய்ந்தவர்களுக்கும், நாள் முழுக்கக் குனிந்து மஞ்சள் வெட்டுகிறவர்களுக்கும் வலி என்பது ஆயுள் முழுவதும் கூட வருவது. அவர்களில் பெண்கள் சொன்னால் மட்டும் முதலில் எழும் கேள்வி வீட்டில் என்ன பிரச்சனை என்பதாக இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை நாங்களும் கண்ணால் பார்த்தவர்கள். அதனால்தான் புதிய கட்டடமோ கருவியோ கேட்கவில்லை. மனநலக் குறிப்பை எழுதுகிறவர் அதன் ஆதாரத்தையும் கீழே எழுத வேண்டும், அந்தக் குறிப்பைக் காரணமாகக் காட்டி எந்த மருத்துவரும் உடல் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது, மருந்து ஜன்னலில் பிரிவின் பெயரை உரக்கப் படிக்கக் கூடாது என்று உங்கள் பொறுப்பில் உள்ள மருத்துவமனைகளுக்கு அன்புகூர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நாள்பட்ட வலிக்கென்று வாரத்தில் ஒரு நாளாவது மயக்கவியல், எலும்பியல், மனநலம், இயன்முறை மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்ய முடிந்தால் இந்தப் பிரச்சனையில் பாதி அங்கேயே தீரும்.

தங்கைக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். கழுத்து வலி அப்படியே இருக்கிறது. அதற்காக அடுத்த மாதம் அதே கோப்பை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனை ஒன்றுக்குத்தான் அவள் மறுபடி வர வேண்டும். அதற்குள் அந்தச் சுற்றறிக்கை வந்து சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பனியன் தொழிலாளி ஒருவரின் அக்கா,
அவிநாசி வட்டம்.