5.1 என்றால் சின்ன எண் இல்லை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 5.1 என்று பார்த்ததும் அம்மாவிடம், "ஒன்றுமில்லை, சின்ன எண்தான்" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் மருந்துக் கடை நடத்தியவன்! கனடாவில் மில்லிமோல் கணக்கு என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து 38.67ஆல் பெருக்கினேன். நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 197. 190ஐத் தொட்டாலே, சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கும் மாத்திரை எழுதுவார்கள். உன் மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் மாத்திரை எழுதியது சரிதான்.

உன் சித்தப்பா 46 வயதில் மாரடைப்பில் போனதை மருத்துவரிடம் சொன்னாயா? இது பரம்பரைக் கொழுப்பாக இருக்கலாம். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நிலம் நீச்சு எதுவும் தராத அப்பா இதைத் தந்துவிட்டேன் போலிருக்கிறது.

"இந்த ரசாயனத்தை எத்தனை வருடம் விழுங்குவது?" என்று கேட்டிருந்தாய். இதன் மூதாதை அரிசியில் பூத்த பூஞ்சை, தெரியுமா? அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் அதைப் பிடித்தார். கல்லீரலில் கொழுப்பு தயாராகும் வேலையை அது மட்டுப்படுத்தும். கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும். இயற்கை மருந்து என்று யாராவது சிவப்பு ஈஸ்ட் அரிசி கொடுத்தால் வாங்காதே. அதற்குள்ளும் இதே இன மருந்து இருப்பதால் இரட்டை அளவாகிவிடும். பம்ப்ளிமாஸ் போலிருக்கும் கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் வேண்டாம். சளி, காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்.

இரண்டாவது குழந்தையைப் பற்றி அம்மாவிடம் பேசினாய் என்று கேள்விப்பட்டேன். அப்பாவிடம் சொல்ல வெட்கம் என்றால் போகட்டும், மருத்துவரிடம் மறைக்காதே. கருத்தரிக்கும் முன்பே பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். பாலூட்டும் காலத்திலும் வேண்டாம் என்பார்கள்.

தொடையும் தோளும் வலித்தால் நீயாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேள். வலி கடுமையாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போ.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம், "குறைத்து வைத்திருப்பதே மாத்திரைதான் ஐயா" என்று தினமும் சொன்னவன் நான். எனக்கு எல்டிஎல் 182 இருந்தது 96 ஆனதும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன். ஆறு மாதத்தில் 178. மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

நீ இன்னும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார். அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. நான் இரவு ஒன்பது மணிக்குப் போடுகிறேன். விழுங்கும்வரை அம்மா டம்ளரோடு எதிரே நிற்கிறாள். அங்கே அந்த வேலையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா