கருவேல முள் கீறிய கதவு

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. அத்தை முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போது கம்பு இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்ததை வீட்டில் சத்தம்போட்டு வாசித்தேன். உன் தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு ஏறவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். இங்கே சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய் ஒரு மாதம் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீடு வீடாகவே இல்லை.

காரைப் பற்றி நீ எழுதியிருந்ததுதான் இரண்டு நாளாக மனசில் ஓடுகிறது. கமுதிப் பக்கம் குலசாமி கும்பிடப் போன தடத்தில் சீமைக்கருவேல முள் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டது, இடது பக்கம் கதவு, ஃபெண்டர் என்று நாலு பீஸும் மொத்தமாகச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தால்தான் சரிவரும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்கிறார்கள், வண்டியை அவர்களிடம் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே மாப்ளே. நான் வந்து பார்க்கிறவரை வண்டியில் யாரையும் உப்புத்தாள் வைக்க விடாதே.

என் வெள்ளி நிற வண்டியின் பின்கதவு உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் உரசி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு, அவ்வளவுதான். பதறிப்போய் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். அது நல்ல ஐப்பசி மழை நேரம். கதவு முழுவதையும் தகரம் தெரியச் சுரண்டி, பட்டி பார்த்து, ஈரக்காற்றிலேயே திறந்தவெளியில் அடித்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்த அன்று பளபளவென்றுதான் இருந்தது. மூன்றாவது கோடையில் கதவின் அடி ஓரத்தில், கலருக்கு மேலே அடிக்கிற லேக்கர் பூச்சு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து எழும்பியது. சாயங்கால வெயிலில் தள்ளி நின்று பார்த்தால் வேறொரு வண்டியின் கதவைக் கழற்றி மாட்டியது போலவே தெரியும். வெள்ளி நிறத்தில் இருக்கிற மினுக்குத் துகள் எந்த வாக்கில் படிகிறது என்பதைப் பொறுத்து நிறமே மாறிவிடும், அதனால்தான் அந்தக் கலரை மேட்ச் பண்ணுவது அவ்வளவு கஷ்டம். நான் தொலைத்த அந்தக் கம்பெனி பெயிண்ட் இனி எனக்குத் திரும்பக் கிடைக்காது. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கம்பெனியில் வெறும் தகரக்கூடாக இருக்கும்போதே பாடியைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சந்து பொந்தெல்லாம் பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஒட்டும்படி செய்கிறார்கள். பிறகு அடுப்பில் 160 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மேல்பூச்சையும் ஏறக்குறைய 140 டிகிரியில் வேகவைக்கிறார்கள். கண்ணாடி, ரப்பர், ஒயர் எல்லாம் மாட்டி ஓடுகிற வண்டியை அந்தச் சூட்டில் யார் வைக்கமுடியும்? பெயிண்ட் அடிக்கிற மூடிய அறை, பூத் என்பார்களே, அது நல்லதாக இருக்கிற இடத்தில்கூட 60, 70 டிகிரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடங்களில் வேலை சுத்தமாகவே இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. தேவையில்லாமல் முதல் பூச்சை இழக்கக்கூடாது என்பதுதான் என் பேச்சு.

அந்தப் பூச்சு மொத்தமே 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும், நம் தலைமுடி இரண்டு கனம்கூட வராது. அதற்குள் அடியில் பிரைமர், நடுவில் கலர், மேலே 40, 50 மைக்ரானுக்கு நிறமில்லாத லேக்கர். முள் எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாயங்காலம் தகரம் ஆறியபிறகு கழுவிவிட்டு, கோட்டின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பார். ஈரமாக இருக்கும்போது கோடு மறைந்து, காயக் காய மறுபடி வெள்ளையாகத் தெரிந்தால் காயம் லேக்கரோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார். வழுக்கிக்கொண்டு போனால் கவலையில்லை, தட்டி நின்றால் ஆழம். உன்னுடையது கரு நீலம், லேசான கீறல்கூட வெள்ளை வெளேரென்று பயமுறுத்தும். முள் இழுத்த கோடுகளில் முக்கால்வாசி தண்ணீரில் மறைகிற ஜாதிதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் இதே மாதிரி ஒரு கோட்டை எடுத்தேன். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கிற நைசான உப்புத்தாளை, ஷாம்பு கலந்த வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறப்போட்டு, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, கை பாரம் கொடுக்காமல் பத்துப் பன்னிரண்டு தடவை நேர்கோட்டில் ஓட்டினேன். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. அது லேக்கர் கரைகிறது. கலர் தண்ணீர் வந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிடவேண்டும். தேய்த்த இடம் ஆவி பிடித்த கண்ணாடி போல மங்கிவிடும். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். பிறகு 3000 பேப்பர், அதற்கு மேல் ரப்பிங் காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை, கடைசியில் பாலிஷ். மங்கலுக்குள்ளிருந்து முதலில் டியூப் லைட்டின் நிழல் தெரிந்தது, அப்புறம் என் முகம். கதவின் மடிப்புக் கோட்டிலும் விளிம்பிலும் மட்டும் தேய்க்கக்கூடாது. அங்கே பூச்சு மெல்லிசு, ஒரு நிமிஷத்தில் பிரைமர் வந்துவிடும்.

முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரில் தகரமே தெரிகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும். துரு பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும். கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கிற தகட்டில் வண்டி நிறத்துக்கான குறியீடு இருக்கும், எழுதி அனுப்பு. அதைக் காட்டி இங்கே கீழமாசி வீதியில் விசாரித்து, கீறலை அடைக்கிற சின்ன பெயிண்ட் புட்டி, டச்சப் பாட்டில் வாங்கிவருகிறேன். அந்தக் கீறலுக்குள் மட்டும் துருவைச் சுரண்டி, பிரைமர் வைத்து, பல்குத்தும் குச்சி முனையால் சொட்டுச் சொட்டாகக் கலரை இறக்கவேண்டும். காயும்போது அமுங்கும், அதனால் இரண்டு மூன்று தடவை வைக்கவேண்டிவரும். குனிந்து தேடினால் தழும்பு தெரியத்தான் செய்யும். ஆனால் துரு பிடிக்காது, சுற்றியுள்ள கம்பெனி பெயிண்டும் பிழைத்துக்கொள்ளும். பம்பர் கீறலை விட்டுவிடு, பிளாஸ்டிக் துருப்பிடிக்கப் போவதில்லை.

இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் என்று மருமகன் சொல்கிறார் என்றாயே. அஞ்சு வருஷமாக நீ கிளெய்மே பண்ணவில்லை, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் கழிவு வாங்குகிறாய். ஒரு கிளெய்ம் போட்டால் அது அப்படியே பூஜ்யத்துக்கு இறங்கும். அவரோடு உட்கார்ந்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்.

அந்தத் தடத்தைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை வைத்து ஊர் ஊராகச் சீமைக்கருவேலத்தை வெட்டினார்களே, நம் கோயில் பாதையிலும் வெட்டியதாகச் சொன்னாய். வேரை விட்டுவிட்டார்களா, அதற்குள் இவ்வளவு தழைத்துவிட்டதா? அடுத்த திருவிழாவுக்கு முன்னால் பங்காளிகளோடு பேசி ஒரு நாள் ஜேசிபி வைக்கமுடியுமென்றால் என் பங்கையும் சேர்த்துக்கொள்.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் பரமக்குடி வருகிறேன். பேப்பர், காம்பவுண்டு எல்லாம் நான் எடுத்துவருவேன். நீ இரண்டு வாளியும் நிழலும் மட்டும் ஏற்பாடு செய். வேப்பமரத்தடி வேண்டாம், காக்கா எச்சம் விழும். அதுவரை வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்காதே. இருக்கிற தூசியே அடுத்த கீறலைப் போட்டுவிடும். அப்படியே நிற்கட்டும்.

அத்தையிடம் நான் வருவதைச் சொல். அவர்கள் கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. ஆனால் அடுப்பங்கரையில் அதிக நேரம் நிற்க விடாதே.

அன்புடன்,
உன் மாப்ளே