புர்போன் போனவரைத் தேடும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை.

உன்னோடு வேலை செய்யும், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் பையனுக்கு முத்துசாமி என்பதுதான் குடும்பப் பெயர் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நம் வீட்டிலிருந்து அந்தக் காலத்தில் அந்தத் தீவுக்குப் போனவர் பெயரும் அதுதானே. ஆனாலும் பெயரை மட்டும் வைத்து உறவு கொண்டாடிவிடாதே. கூலி வேலைக்குக் கப்பலேறியவர்களுக்கு நம் வழக்கப்படி ஆளுக்கு ஒரு பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. அங்கே போனதும் அதுவே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. எத்தனை முத்துசாமி இறங்கினார்களோ அத்தனை குடும்பம்.

தாத்தா பெட்டியிலிருந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறது. அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர்கள் இருவருக்கும் நன்செய், புன்செய், களத்துமேடு, கிணற்றில் பங்கு என்று நான்கெல்லை சொல்லிப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாமவருக்கு ஒரே வரி: ‘புர்போன் தீவுக்குப் போய் இதுநாள்வரை தகவல் இல்லாத இளையவன் திரும்பி வரும்பட்சத்தில் அவனுக்குண்டான பாகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியது.’ கீழே இரண்டு கைநாட்டு. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒரு வரியில் நிறைய இருக்கிறது. ரீயூனியன் என்ற பெயர் 1848-ல்தான் நிலைத்தது. அதற்கு முன்பு புர்போன். நம் ஜனங்கள் அப்புறமும் பழைய பெயரையே சொல்லி வந்தார்கள். அவர் தாது வருஷப் பஞ்சத்தில் போனார், கல்யாணம் ஆகாத வாலிபன் என்று உன் பாட்டி சொல்வார். தாது வருஷம் என்றால் 1876-77. ரீயூனியனுக்கு ஆள் போவதை பிரிட்டிஷ் சர்க்கார் 1882-ல் நிறுத்திவிட்டது. ஆக, அவர் தீவில் இறங்கியதைத் தேட வேண்டியது அந்த ஆறேழு வருஷத்துக்குள்தான்.

பிரெஞ்சுக் கப்பலை பிரிட்டிஷ்காரன் எப்படி நிறுத்தினான் என்று கேட்பாய். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்காலில் மட்டும் அவ்வளவு ஆளுக்கு எங்கே போவது? 1860-ல் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்க வழி கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களே அதை நிறுத்தினார்கள். நம் ஊரிலிருந்து பாகூர்ப் பக்கம் நடந்தால் பிரெஞ்சு எல்லை. ஆள் சேர்க்கும் மேஸ்திரி கூப்பிட்டால் போக ஒரு பகல் போதும்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது இதுதான். ஊரோடு இருந்து நிலம் உழுத அண்ணன்கள் இருவரும் எந்த வருஷம் பிறந்தார்கள் என்று சொல்ல நம்மிடம் ஒரு காகிதம் இல்லை. தொலைந்துபோனார் என்று நாம் நினைக்கிற தம்பிக்குத்தான் பெயர், தகப்பன் பெயர், வயது, கப்பல் எல்லாம் எழுதி, ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். அதனால் பெயரைவிட மத்ரிக்கூல் என்கிற அந்தப் பதிவு எண்ணைப் பிடி. எண் கிடைத்துவிட்டால் ஒரு முத்துசாமியை இன்னொரு முத்துசாமியோடு குழப்ப வேண்டியதில்லை.

பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் இருக்கும் ஆவணக் காப்பகம் ரீயூனியன், புதுச்சேரி, காரைக்கால் எத்தா சிவில் என்கிற பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளை இணையத்திலேயே போட்டிருக்கிறது. காசு கேட்பதில்லை. கூலிகளின் பதிவேட்டுக்கு சேன் தெனியில் உள்ள தீவின் காப்பகத்துக்கு எழுது. ஒவ்வொரு குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், அதனால் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்துப் படி. கரீபியன் கடலில் இருக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் நம்மவர்களின் குடியுரிமைக்காகப் பல வருஷம் போராடி 1923-ல் ஜெயித்தவர் பெயர் அங்கே ஆன்றி சிதம்பரோம். நம் சிதம்பரம்தான்! ‘பிறந்த இடம் பாண்டிச்சேரி’ என்று இருந்தாலும் நம்பிவிடாதே, பல சமயம் அது கப்பலேறிய துறைமுகம்தான். இன்னொன்று, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பழக்கம் இல்லையா, அங்கேயும் அப்படி வைத்திருந்தால் ஒரே பெயரில் இரண்டு தலைமுறை வரும். வயதைப் பார்த்துப் பிரித்துக்கொள்.

அந்தப் பையனிடம் அவர்கள் வீட்டுச் சாமி எது என்று கேள். குழந்தைக்கு முதல் முடி எந்தச் சாமிக்கு இறக்குவார்கள், தீ மிதிப்பார்களா என்றும் கேள். ரீயூனியனில் பண்டியாலே என்று கும்பிட்டுத் தீ மிதிக்கிறார்களே, அது நம் திரௌபதி அம்மன். தென்னாற்காட்டில் அவளுக்குக் கோயில் இல்லாத பக்கம் உண்டா? அதை வைத்து உறவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு வழி கிடைக்கும்.

நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் நம் ஊர் நிலப் பதிவேடுகளைக் கேட்கப் போகிறேன். மூன்றாவது பங்கு யார் பெயருக்குப் போனது என்று தெரிந்தால் குடும்பத்துக்கு எப்போது நம்பிக்கை போனது என்று தெரியும்.

நீ முதலில் இறப்புப் பதிவைத் தேடு கண்ணு. மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது அந்தச் சின்னத் தாத்தா பெயரைச் சொல்லலாமா என்று உன் அப்பா வருஷா வருஷம் ஐயரிடம் கேட்கிறார். கப்பலேறிப் போனவர் திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்த அவருடைய அம்மா, பெயரைச் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டாளாம். அவளுக்குப் பிறகும் யாரும் சொன்னதில்லை. இறந்த தேதி கிடைத்தால் திதியைப் பஞ்சாங்கக்காரரிடம் கணித்துக்கொள்ளலாம்.

பதிவு கிடைத்தால் பெயர் இருக்கும் வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே. ஓரத்தில் எழுதியிருப்பதும் சாட்சிகளின் கையெழுத்தும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. சாட்சி தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்கு உடனே போன் செய், ராத்திரியாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
அம்மா
கடலூர்