சாவி கையில் இருக்கிற அக்காவுக்கும் அண்ணனுக்கும்

அன்புள்ள அக்காக்களே, அண்ணன்களே,

அம்மாவோ அப்பாவோ போன பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி உங்களில் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் இந்த மடல். கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் நீங்களாக இருக்கலாம். பக்கத்தில் குடியிருந்ததால் சாவி தானாக உங்கள் கைக்கு வந்திருக்கலாம். சாவி வைத்திருப்பது தம்பியோ தங்கையோ என்றாலும் சரி, தனக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளட்டும். நானும் அப்படிச் சாவி வைத்திருந்தவள். மூத்தவள். எனக்குக் கீழே ஒரு தம்பி, ஒரு தங்கை.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அந்த வீட்டிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போவதற்கு முன், உடன்பிறந்த எல்லோரும் அதைப் பார்த்துவிடட்டும். நேரில் வர முடியாதவர்கள் படத்திலாவது பார்க்கட்டும்.

நான் அப்படிச் செய்யவில்லை. அம்மா இறந்து மூன்றாவது வாரம் தனியாக வீட்டைத் திறந்து சுத்தம் செய்தேன். மருந்துப் பட்டைகள், படுக்கை விரிப்புகள், சக்கர நாற்காலி, கிழிந்த துணிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அப்புறப்படுத்தினேன். அந்த அறையின் வாசனையை என்னால் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மையான காரணம். அலமாரியின் கீழ்த்தட்டில் அம்மா வரவு செலவு எழுதிய பழைய நோட்டுகள் இருந்தன. கணக்கோடு கணக்காக அன்றைக்கு யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருப்பார். அவற்றையும் பழைய தாள்களோடு கட்டிப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி வந்தான். பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மாவோட வளையல் எங்க அக்கா?" என்று கேட்டான். இரண்டு வளையல். எனக்கும் தெரியவில்லை. கேட்டது அவ்வளவுதான், அவன் குரலை உயர்த்தக்கூட இல்லை. ஆனால் எனக்குள் என்னவோ எரிந்தது. நான்கு வருடம் தூக்கி, குளிப்பாட்டி, இரவில் விழித்திருந்து பார்த்துக்கொண்டவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று கத்தினேன். அவன் கிளம்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நாங்கள் பேசவில்லை.

வளையல் இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மா யாருக்காவது கொடுத்தாரா, விற்றாரா, மருத்துவமனைக்குப் போய் வந்த அலைச்சலில் தொலைந்ததா, எதுவும் தெரியாது. நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தம்பிக்குக் காட்ட என்னிடம் எதுவுமே இல்லாமல் போனது. பீரோவை முதல் தடவை திறந்தபோது ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால், நாலு படம் எடுத்து அனுப்பியிருந்தால், "நான் திறந்தபோதே இல்லையே" என்று சொல்லியிருக்கலாம், அவனும் நம்பியிருப்பான்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பட்டியல் எழுதுவது மற்றவர்கள் உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதற்காக இல்லை. அது முதலில் காப்பாற்றுவது உங்களைத்தான். இது மிகப் பழைய அறிவு. ரோமானியச் சட்டத்தில் இறந்தவரின் கடன் முழுவதும் வாரிசின் தலையில் விழும், சொத்து போதாவிட்டால் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். கி.பி. 531இல் பேரரசர் ஜஸ்டினியன் அதை மாற்றினார். வாரிசு 30 நாளுக்குள் பொருட்களின் பட்டியலைத் தொடங்கி அடுத்த 60 நாளுக்குள் முடித்துவிட்டால், சொத்தின் மதிப்புக்கு மேல் அவர் பொறுப்பாக மாட்டார். பட்டியல் போட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு, போடாதவர் தன் பாடு. ஏறக்குறைய 1,500 வருடத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டைப் படித்தபோது என் தம்பியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சு குடிமைச் சட்டத்தின் 778ஆம் பிரிவின்படி, இறந்தவரின் பொருளை மற்ற வாரிசுகளிடமிருந்து ஒளித்தவருக்கு, ஒளித்த அந்தப் பொருளில் பங்கே கிடையாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாகம் பிரிகிற வரை எந்தப் பொருளும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி தவறுகள் நடக்காது. "அம்மா எனக்குத் தருவதாகச் சொன்னார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை மற்றவர்கள் முன்னால் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் எடுத்தால் அம்மா சொன்ன வார்த்தையே பொய்யைப் போல ஆகிவிடும்.

பட்டியல் என்றதும் பெரிய வேலை என்று பயப்பட வேண்டாம். முதல் தடவை கதவைத் திறக்கும்போது இரண்டு பேராகப் போங்கள். உடன்பிறந்தவர் வர முடியாவிட்டால் எல்லோருக்கும் பொதுவான ஒரு உறவினர் போதும். எதையும் தொடுவதற்கு முன் அறை அறையாக ஃபோனில் வீடியோ எடுங்கள். அலமாரி, பீரோ, மேசை இழுப்பறை, பரண், கைப்பை, தலையணைக்கு அடியில், பூஜை இடம், ஒவ்வொன்றையும் திறந்தபடி எடுங்கள். அன்றைக்கே குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். நகை, பத்திரம், வங்கிப் புத்தகம் போன்றவற்றை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, கூட இருந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லாக்கர் இருந்தால் தனியாகப் போகவே போகாதீர்கள், உங்களுக்கு உரிமை இருந்தாலும். அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமாவது சாவி இருந்தால் அதையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் உங்களிடம்தான் இருந்திருக்கும், மருந்துச் செலவுக்கு நீங்கள்தானே எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் மூச்சு நின்ற பிறகு அந்தக் கார்டைத் தொடாதீர்கள். இறுதிச் சடங்குச் செலவுக்காகக்கூட வேண்டாம். கையிலிருந்து போட்டு ரசீதை வைத்துக்கொண்டு பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வங்கி அறிக்கை ஒருநாள் எல்லோர் கைக்கும் வரும், இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு தொகையும் அதில் தனியாகத் தெரியும். நல்ல காரியத்துக்கு எடுத்ததைக்கூட அப்போது விளக்கிக் கொண்டிருக்க வேண்டிவரும். அவருடைய ஃபோன் எண்ணையும் அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டாம். எந்த நிறுவனத்தில் என்ன கணக்கு இருந்தது என்பது பல நேரம் அதில் வருகிற குறுஞ்செய்திகளை வைத்துத்தான் தெரியவரும்.

ஒரு பொருள் காணவில்லை என்று வந்துவிட்டால்? தயவுசெய்து வீட்டு வேலைக்கு வந்தவரையோ நோயாளியைப் பார்த்துக்கொண்டவரையோ முதலில் கை காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது. இரவு பகலாக அம்மாவுடன் இருந்த பெண்மணியின் பெயரைத் தங்கை எடுத்தாள். அது அவர் காதுக்கும் போய்விட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், கதவைத் திறந்து "பரவாயில்லம்மா" என்றார், உள்ளே கூப்பிடவில்லை. நாங்கள் மூன்று பேர் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகலாம். அவருக்கு நாங்கள் செய்தது அப்படியேதான் இருக்கிறது.

வயதானவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே கொடுத்துவிடுவதும் விற்பதும் ஒளித்துவைத்து மறப்பதும் சாதாரணமாக நடக்கிறவை. மறதி நோய் இருந்தவர்கள் என்றால் இன்னும் அதிகம். துணி மடிப்பிலும் மாவு டப்பாவிலும் பழைய காலணிக்குள்ளும் வைத்திருப்பார்கள். எனவே எந்தத் துணியையும் உதறாமல் தூக்கிப் போடாதீர்கள். "காணவில்லை" என்ற சொல்லிலிருந்து "எடுத்துவிட்டார்கள்" என்ற சொல்லுக்குப் போக மனசு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்வதில்லை. அந்த நொடியைத்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நினைவும் நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியானது இல்லை. ஷீன், கெம்ப், ரூபின் என்ற மூன்று உளவியலாளர்கள் 2001இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 20 ஜோடி இரட்டையரிடம் பழைய நினைவுகளைக் கேட்டபோது, 14 ஜோடியில் "இது எனக்கு நடந்தது", "இல்லை, எனக்குத்தான் நடந்தது" என்று இருவரும் ஒரே நிகழ்வுக்கு உரிமை கொண்டாடினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அம்மா "இது உனக்குத்தான்" என்று சொன்ன நினைவு உங்களுக்கும் இருக்கும், உங்கள் தங்கைக்கும் இருக்கும். இரண்டு பேரிடமும் அவர் சொல்லியிருக்கவும் கூடும். அவளைப் பொய்க்காரி என்று சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, எல்லாம் பட்டியலில் வந்துவிட்டது, ஒரே பொருளை மூன்று பேர் கேட்கிறார்கள், அப்போது என்ன செய்வது? போலந்து கணிதவியலாளர் ப்ரோனிஸ்வாவ் க்னாஸ்டர் ஒரு வழி சொன்னார். மூவரும் அந்தப் பொருள் தனக்கு எவ்வளவு பெறும் என்று தனித்தனியாகத் தாளில் எழுதி மூடி வைக்க வேண்டும். ஒருவர் 90, ஒருவர் 60, ஒருவர் 30 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு என்பதால் ஒவ்வொருவரும் நியாயமென நினைக்கிற பங்கு 30, 20, 10. அதிகம் எழுதியவர் பொருளை எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு மேற்பட்ட 60ஐப் பொதுவில் வைக்கிறார். மற்ற இருவரும் 20, 10 என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் 30, ஆளுக்கு 10. கடைசியில் பொருளை எடுத்தவர் கொடுத்தது 50, மற்ற இருவருக்கும் கிடைத்தது 30, 20. மூவருக்குமே தாங்கள் நியாயம் என்று நினைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம், தம்பிக்குப் போனது. அவனுக்குத் தைக்கத் தெரியாது. ஆனாலும் அதிகம் எழுதியவன் அவன்தான். அதன் சத்தத்தில்தான் சின்ன வயதில் தூங்குவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடிதங்கள், புகைப்படங்கள், கையெழுத்துப் பிரதிகளை இந்த வழியில் கொண்டுபோகாதீர்கள். அவற்றை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்.

பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு உண்டா என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். என் மனதிலும் இருந்தது, இருந்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. வேலையை விட்டவர்கள், தூக்கத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதை வாய்விட்டுக் கேளுங்கள். "நான் இவ்வளவு செய்தேன், எனக்கு இது வேண்டும்" என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, பொருளாக எடுத்து அதை ஈடுகட்டிக்கொள்ளப் பார்க்கும்போதுதான் சண்டை வருகிறது. தூரத்தில் இருந்த தம்பி தங்கைகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. பொருள் எங்கே என்று கேட்பதற்கு முன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். என் தம்பி அதைக் கேட்டிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

காலம் கடந்துவிட்டது, வீடு காலியாகிவிட்டது என்பவர்கள் இப்போதாவது உட்கார்ந்து எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். எந்தப் பொருள் யாரிடம் போனது, எதை நான் வெளியே போட்டேன், எது எனக்குத் தெரியாது என்று ஞாபகத்திலிருந்து மூன்று பக்கம். வளையல் என்ற இடத்தில் "தெரியாது" என்று எழுதினேன். எல்லோரும் வளையலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நோட்டுகளைப் பற்றி அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரியில் எழுதினேன்: "அம்மாவின் கணக்கு நோட்டுகள். நான்தான் எறிந்தேன். கேட்காமல் எறிந்தேன்."

மூன்று பக்கத்தையும் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். அன்றிரவு தங்கை கூப்பிட்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. மொத்தம் எத்தனை நோட்டு இருந்தது என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றேன்.

அன்புடன்,
சாவி வைத்திருந்த ஒரு அக்கா