ரசீது யார் பெயரில் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரகசிய ஆவணங்களை வெளியிடும் அமைப்புகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இவர்களுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?’ கோயில் உண்டியலில் போட்டவர் பெயரை நாம் கேட்பதில்லை. உண்டியலைத் திறந்து எண்ணும்போதுதான் அதிகாரி இருக்கிறாரா, கேமரா ஓடுகிறதா என்று பார்க்கிறோம். இங்கும் அதே முறைதான் சரி. கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால் அவருக்கு வேலை போகலாம், விசாரணை வரலாம். அதை மறைப்பதில் நியாயம் உண்டு. வாங்கியவர் யார், எந்த பில்லுக்கு வாங்கினார் என்பதை மறைக்க அந்த நியாயம் செல்லாது.

விக்கிலீக்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2009 டிசம்பர் கடைசியில் பணத் தட்டுப்பாட்டால் தளத்தையே நிறுத்திவைத்தார்கள். வருடத்துக்கு 6 லட்சம் டாலர் வேண்டும், சம்பளத்தை விட்டுவிட்டால் 2 லட்சத்தில் ஓட்டிவிடலாம் என்றார்கள். 2010 பிப்ரவரி தொடக்கத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகை சேர்ந்தது. அந்தக் காலத்து நன்கொடையில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது ஜெர்மனியின் வாவ் ஹோலண்ட் அறக்கட்டளைக்கு. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஜெர்மன் ஹேக்கர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரின் பெயரில் அமைந்தது அது.

ஜெர்மன் சட்டப்படி இப்படிப்பட்ட அறக்கட்டளை, மேற்பார்வை அதிகாரியிடமும் வரி அலுவலகத்திடமும் கணக்குக் காட்டினால் போதும். பொதுமக்களுக்கு வெளியிட வேண்டியதில்லை. இருந்தும் 2010ஆம் வருடத்துக்கான அறிக்கையை அவர்களே வெளியிட்டார்கள். வரவு சுமார் 13 லட்சம் யூரோ, செலவு சுமார் 4 லட்சம். செலவில் பிரசாரத்துக்கு 1,40,000க்கு மேல், சம்பளத்துக்கு 1 லட்சத்துக்கு மேல், பயணத்துக்கும் கருவிகளுக்கும் தலா 60,000 அளவில், சட்ட ஆலோசனைக்கு 33,000 அளவில். மீதி 9 லட்சம் எங்கே என்று உடனே கேட்கத் தோன்றும். அது எங்கும் போகவில்லை, அடுத்த வருடத்தின் தொடக்க இருப்பு. வருடக் கடைசியில் அமெரிக்கத் தூதரகங்களின் ரகசியத் தகவல்களான ‘கேபிள்கள்’ வெளியான சூட்டில் வந்த பணம் அந்த வருடத்துக்குள்ளேயே செலவாகாது. குறை இருப்பது சம்பளம் என்ற செலவினத்தில். யாருக்கு எவ்வளவு என்ற பிரிவு இல்லாமல் ஒற்றை எண்ணாக நிற்கிறது. நம் ஊர் தணிக்கையாளர் யாரும் அதை அப்படியே விட்டு நகரமாட்டார்.

இன்னொரு சிக்கல், குறிப்பிட்ட காரியத்துக்கென்று சொல்லி வாங்கும் பணம். விக்கிலீக்ஸுக்கு ஆவணங்களைக் கொடுத்ததாகக் கைதான அமெரிக்க ராணுவத்தின் மேனிங்கின் வழக்குச் செலவுக்காக 2010 கோடையிலேயே வேண்டுகோள் விடுத்தார்கள். 15,100 டாலர் அவருடைய வழக்கு நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 2011 ஜனவரியில். அறக்கட்டளை தன் சாசனம் அனுமதிக்கும் காரியத்துக்குத்தான் பணம் தரமுடியும். ஆகவே, வேண்டுகோள் விடும் முன்பே சாசனத்தைப் பார்த்திருக்க வேண்டும். காரியத்துக்கெனத் தனிக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் எது யாருக்கான பணம் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

2010 டிசம்பரில் பேபால், மாஸ்டர்கார்டு, விசா, பேங்க் ஆஃப் அமெரிக்கா எல்லாம் அடுத்தடுத்துக் கதவை மூடின. வருமானத்தில் 95 சதவீதம் போய்விட்டது என்று சொல்லி 2011 அக்டோபரில் வெளியீட்டை விக்கிலீக்ஸ் நிறுத்திவைத்தது. ஐஸ்லாந்தில் கார்டு வழிப் பணத்தை மறித்த வாலிட்டர் நிறுவனம், 15 நாளில் வழியைத் திறக்காவிட்டால் நாளொன்றுக்கு 8 லட்சம் குரோனா கட்ட வேண்டும் என்ற தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உறுதி செய்தது. வழக்கில் வென்றார்கள். ஆனால் அதற்குள் பணம் பல வாய்க்கால்களில் ஓடத் தொடங்கிவிட்டது: ஜெர்மன் அறக்கட்டளை, ஐஸ்லாந்துக் கம்பெனி, பிரான்ஸின் ஒரு நிதி, அமெரிக்காவில் 2012 டிசம்பரில் தொடங்கிய ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷன், இவற்றோடு பிட்காயின். ஒவ்வொரு குழாய்க்கும் தனி மீட்டர், மொத்த மீட்டர் கிடையாது. ஓர் அமைப்பின் புத்தகத்தில் ‘செலவு’ என்று இருப்பது அடுத்ததன் புத்தகத்தில் ‘வரவு’. வெறுமனே கூட்டினால் ஒரே பணம் இரண்டு முறை வரும். ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தடை போட்டவர்கள் பணத்தை மட்டும் நிறுத்தவில்லை, கணக்கையும் சிதறடித்துவிட்டார்கள்.

அமெரிக்க அமைப்புகளைப் பார்க்க விரும்புவோர்க்கு வழி எளிது. வரித்துறைக்கு அவர்கள் தரும் 990 படிவம் பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஏழாம் பகுதியில் நிர்வாகிகளின் ஊதியமும், 1 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய ஒப்பந்தக்காரர்களில் முதல் ஐந்து பேரின் பெயரும் இருக்கும். பனாமா ஆவணங்களை வெளிக்கொண்டுவந்த பன்னாட்டுப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு (ஐசிஐஜே) இப்படித்தான் கணக்குக் காட்டுகிறது. ஆனால் இந்தப் படிவத்திலும் மூன்று ஓட்டைகள் உண்டு. பெரிய நன்கொடையாளர் பட்டியல் வரித்துறைக்குப் பெயரோடு போகும், மக்களுக்குப் பெயர் அடித்துத்தான் வரும். கால நீட்டிப்பு வாங்கினால் போன வருடக் கணக்கு இந்த வருடக் கடைசியில்தான் கண்ணில் படும். மூன்றாவது அதிகம் பேர் கவனிக்காதது: வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்த தொகையைக் காட்டும் ‘எஃப்’ அட்டவணையில் வாங்கியவர் பெயருக்கான கட்டமே நிழலிட்டு அடைக்கப்பட்டிருக்கும். ‘ஐரோப்பா (ஐஸ்லாந்து, கிரீன்லாந்து உட்பட)’ என்று பிராந்தியம் மட்டும் இருக்கும். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால், வாங்கிய அமைப்பின் கணக்கைத் தேடிப் போக வேண்டும்.

கிரிப்டோ பணம் கண்ணாடி உண்டியல் மாதிரி. விழுகிற காசு உலகத்துக்கே தெரியும், எடுத்து என்ன வாங்கினார்கள் என்பது தெரியாது. விக்கிலீக்ஸ் 2011 ஜூனிலிருந்து பிட்காயின் வாங்குகிறது. கணக்கில் அதற்கு மூன்று மதிப்பு வேண்டும்: வந்த நாள் விலை, விற்ற நாள் விலை, வருடக் கடைசியில் விற்காமல் இருப்பதன் விலை. 2022 பிப்ரவரியில் விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சேயின் வழக்குச் செலவுக்காக ஒரு டிஜிட்டல் ஓவியம் ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் 16,593க்கு விற்றது. அன்றைய விலையில் 5 கோடி டாலருக்கு மேல். தொகை வாவ் ஹோலண்ட் அறக்கட்டளைக்கு என்று அறிவிப்பு. அதே வருடம் ஜூனில் ஈதர் 1,000 டாலருக்குக் கீழே போனது. பிப்ரவரியில் விற்றவர் கையில் 5 கோடி, ஜூனில் விற்றவர் கையில் 2 கோடிக்கும் குறைவு. ஆகவே இப்படிப்பட்ட அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது விற்ற தேதி. அது இல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அரசாங்கப் பணம் வந்தாலே அமைப்பு கெட்டுவிட்டது என்ற பேச்சையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குற்றக் கும்பல்களையும் ஊழலையும் புலனாய்ந்து எழுதும் பத்திரிகையாளர் அமைப்பான ஓசிசிஆர்பியின் நிதியில் ஏறத்தாழ பாதி அமெரிக்க அரசிடமிருந்து வந்ததென்று 2024 டிசம்பரில் பிரான்ஸின் மீடியாபார்ட் உள்ளிட்ட பத்திரிகைகள் எழுதின. நன்கொடையாளர் பட்டியலை ஓசிசிஆர்பி மறைத்திருக்கவில்லை. என்னைக் கேட்டால் அதில் கவனிக்க வேண்டியது சதவீதத்தைவிட ஒப்பந்த ஷரத்து: முக்கியப் பொறுப்புகளில் யாரை அமர்த்தினாலும் பணம் கொடுக்கும் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பது. பேலன்ஸ் ஷீட்டில் அது எந்த வரியிலும் தெரியாது. மானிய ஒப்பந்தத்தையும் சேர்த்து வெளியிட்டால்தான் தெரியும்.

இங்கிருந்து நன்கொடை அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்கலாம். தளத்தில் இருக்கும் பெயரும் ரசீதில் வரும் பெயரும் ஒன்றாக இருக்காது. ரசீதில் உள்ள பெயரில்தான் கணக்கைத் தேட வேண்டும். நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்கு வெளிநாட்டு அமைப்புக்குக் கிடையாது.

2011 மார்ச்சில் சென்னையிலிருந்து ‘தி ஹிந்து’ விக்கிலீக்ஸிடம் பெற்ற இந்தியா கேபிள்களை வெளியிட்டபோது, இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் பணப் பரிமாற்றம் எதுவும் இல்லை என்று வாசகர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கியது. திருமங்கலத்தில் காலைப் பத்திரிகைக்குள் கவர் வைத்து வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த முறையை நாம் படித்தது அந்த வரிசையில்தான். கசிந்த ஆவணத்தை அச்சிடும் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு வரி, கூடவே கொடுத்த அமைப்பு எந்த நாட்டில் எந்தப் பெயரில் பதிவானது, கடைசியாக எந்த வருடக் கணக்கை வெளியிட்டது என்ற இரண்டு தகவல்கள். தங்கள் பத்திரிகையும் செய்தியின் அடியில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அறக்கட்டளைக் கணக்குத் தணிக்கையாளர் ஒருவர்,
திருச்சி