டயலிசிஸ் பிரிவு டொக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறுநீரக நோயாளரைப் பார்க்கும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும்,

வணக்கம். படுவான்கரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வாவியைக் கடந்து டயலிசிஸுக்கு வருகிறவன் நான். ஆறு வருசமாகிறது. நான் உயிரோடு இருப்பது உங்களால்தான், அதனால் குறை சொல்ல எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறையும் உண்டு.

ரவுண்ட் வரும்போது கட்டிலருகே நின்று, "வேற ஏதும் இருக்கா ஐயா?" என்று கேட்பீர்கள். கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டில். அதில் எனக்கு மச்சான் முறையான ஒருவர். டியூபுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நிற்கும் தாதி மிஸ்ஸுக்கு என் மூத்த மகளின் வயது. "ஒண்டும் இல்ல டொக்டர்" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

இருக்கிறது. நானும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து மூன்று வருசமாகிறது. முதலில் ஆசை போனது, அப்புறம் உடம்பும் கேட்கவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாமென்று, எனக்கு முன்பே தூங்கிவிட்டது போலக் கிடப்பாள். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். மற்றப் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடிக் காக்கா, முஸ்லிம் அண்ணன் ஒருவர். எட்டு மாதமாக நெல் விலையும் மீன் விலையும்தான் பேசினோம். ஒருநாள் மெஷின் கீச்சிட்ட சத்தத்துக்குள், "தம்பி, உங்களுக்கும் அப்படியா?" என்றார். அவர் டவுனில் யாரிடமோ அந்த நீல மாத்திரையை, வயாகராவை, வாங்கிப் போட்டிருக்கிறார். நெஞ்சு நோவுக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மயங்கி விழுந்தவர், வீட்டில் சீனி இறங்கிவிட்டது என்று சமாளித்தாராம்.

பிறகு மருத்துவம் படிக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவனிடம், "கூட்டாளி ஒருத்தனுக்கு" என்று கேட்டேன். அவன் நம்பியிருக்க மாட்டான். நீண்டகாலம் டயலிசிஸ் எடுக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கஷ்டம் வரும் என்றான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிறது, புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது, இரத்தசோகை வேறு. சீனி வியாதி நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கிறது. சில பிரஷர் மாத்திரைகளும், மனக்கவலையும் காரணமாகலாம். டொக்டரே மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம், இரத்தசோகையைச் சரிசெய்யலாம், நைட்ரேட் எடுக்காதவர்களுக்கு ஏற்ற மருந்தும் கொடுக்கலாம். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதானே? என் கிளினிக் கொப்பியில் நிறை, பிரஷர், ஹீமோகுளோபின் எல்லாம் இருக்கிறது. இதைப் பற்றி ஆறு வருசத்தில் ஒரு வரி இல்லை.

நாங்களாக வாய் திறக்க மாட்டோம். கிளினிக் நாளில், கதவைச் சாத்திவிட்டு, "டயலிசிஸ் எடுக்கிற ஆம்பிளைகள் நிறையப் பேருக்கு இப்பிடி வரும், உங்களுக்கு எப்பிடி?" என்று நீங்கள் தொடங்குங்கள். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டர் என்றால், மொழிபெயர்க்க ஆண் ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்த மிஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில்காரன்